சத்தம் போடாத கட்டைச் செருப்பு

சீதாவின் அப்பா சேதுராமனுக்கு ஊரில் பாதிப் பேரை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. காலை வைத்துத்தான் தெரியும்.

"உங்களப் பார்த்துச் சிரிச்சாரே, அவரு யாருப்பா?" என்று பாசாரில், அதாவது சந்தையில், சீதா கேட்டால், அப்பா கொஞ்ச நேரம் முழிப்பார். பிறகு திரும்பி அந்த மனிதரின் பாதத்தைப் பார்ப்பார்.

"அட, நம்ம மருதமுத்து! பெருவிரல் குட்டை, குதிகால் அகலம். போன வருஷம் ஒரு ஜோடி செஞ்சு குடுத்தேன்" என்பார்.

அப்பா கட்டைச் செருப்பு செய்பவர். மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம் அவர்களுடைய பலகை வீடு இருந்தது. அதன் முன்பக்கம்தான் பட்டறை. பூலாய் மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, வாச்சியால் செதுக்கி, உளியால் குதிகாலுக்குக் குழி எடுப்பார். பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர் வாரை மேலே வைத்து ஆணி அடிப்பார். அதன் பிறகு அம்மா ருக்மணியின் வேலை. சிவப்புச் சாயம் பூசி, அதன் மேல் மஞ்சளில் பூ வரைவாள். ஒரு ஜோடியில் வரைந்த பூவை அடுத்த ஜோடியில் வரைய மாட்டாள். கேட்டால், "எனக்குச் சலிக்குதே" என்பாள்.

அந்த நாளில் ஊரில் எல்லாருக்கும் கட்டைச் செருப்பு வேண்டும். மழை நாளில் அது இல்லாமல் மீன் பாசாருக்குள் ஒரு தடவை நடந்து பாருங்கள், ஏன் என்று தெரியும்.

செருப்பு வேண்டுமென்றால் முதலில் காலைக் கொடுக்க வேண்டும். அப்பா சிமெண்டுப் பையின் காகிதத்தை விரித்து, அதில் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைவார். சின்னப் பிள்ளைகள் கூச்சம் தாங்காமல் நெளிவார்கள். அதற்குள் கூட வந்த அம்மா தவறாமல் ஒன்று சொல்வார்.

"வளர்ற பிள்ளைங்கண்ணே. ரெண்டு விரல் கூட வச்சே செஞ்சிடுங்க."

கம்போங் செட்டி என்ற பேட்டையிலிருந்து வரும் சந்திரமதி அம்மாளுக்குத் தமிழ் வராது. பல தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழும் குடும்பம்; அவர் மலாயில்தான் பேசுவார். "பெசார் சிக்கிட், பாங்!" என்று சொல்லி, தன் மகனின் காலுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துக் காட்டுவார். கொஞ்சம் பெரிசா செய்யுங்க அண்ணே என்று அர்த்தம். மொழிதான் வேறே. விரல் அதே இரண்டு விரல்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். மாதக் கடைசியில் மெர்டேக்கா. நாட்டுக்குச் சுதந்திரம். சீதா படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள் மேடையேறிப் பாடப் போகிறார்கள். சீதாவும் அதில் ஒருத்தி. பாடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் புதுச் செருப்பு செய்யச் சொல்லி அவரவர் அம்மாக்கள் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்துநான்கு ஜோடி சிவப்பாகத் தயாராகி, பட்டறையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் திங்கட்கிழமை வரை.

அன்றைக்குத்தான் முதல் ஒத்திகை. பள்ளிக்கூடம் இருந்த இடம் பள்ளம். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத் தூண் நட்டு, அதன் மேல் பலகைத் தரை போட்டிருந்தார்கள். மேடையும் பலகைதான். முப்பத்திரண்டு பிள்ளைகளும் பழைய கட்டைச் செருப்போடு ஒரே சமயத்தில் அதில் ஏறினார்கள்.

டக் டக் டடக் டக்! டக் டடக் டக் டக்!

கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. தரைக்கு அடியில் சுகமாகப் படுத்திருந்த ஆடு ஒன்று, உலகமே இடிந்து விழுகிறது என்று நினைத்து ஓடிப் போனது.

தலைமை ஆசிரியர் கலியாணசுந்தரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவரை எல்லாரும் பெரிய வாத்தியார் என்றுதான் சொல்வார்கள்.

"நிறுத்துங்க! இது பாட்டா, மரம் அறுக்கிற மில்லா? அன்னிக்கு எவ்வளவு பெரிய மனுசங்க வந்து உக்காரப் போறாங்க! அவங்க முன்னால இந்தச் சத்தத்தோட ஏறினா நான் முகத்தை எங்க வச்சுக்குவேன்? நாளையிலிருந்து இங்க கட்டைச் செருப்பு கூடாது. ஹாஜா கடையில ஜப்பான் ரப்பர் சிலிப்பார் வந்திருக்கு. எல்லாரும் அதையே வாங்கிப் போட்டுக்குங்க."

பொன்னுதுரை கையைத் தூக்கினான். வகுப்பிலேயே ஆள் சின்னவன், செருப்பு மட்டும் பெரிசு.

"வெறுங்காலோட வரலாமா சார்?"

"கூடாது!" என்றார் பெரிய வாத்தியார். அவருடைய குரல் சட்டென்று மாறியது. "நான் ரப்பர் தோட்டத்துலேருந்து அஞ்சு மைல் வெறுங்காலோட நடந்து வந்து படிச்சவன். மெர்டேக்கா அன்னிக்கு என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணுகூட வெறுங்காலோட நிக்கக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சீதாவுக்குச் சங்கடமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம்.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக அம்மாக்கள் பட்டறைக்கு வந்தார்கள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பெரிய வாத்தியார் சொல்லிட்டாரு" என்று இழுத்தார்கள். "பரவாயில்லம்மா, நீங்க என்ன செய்வீங்க?" என்று அப்பா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

கடைசி ஆளும் போன பிறகு, அப்பா அந்த இருபத்துநான்கு ஜோடிகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ருக்மணி, இன்னிக்கு இந்தப் பள்ளிக்கூடம். நாளைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் வேணாம்னு சொல்லும். சிங்கப்பூர்ல தம்பி நடராஜன் துறைமுகத்துல ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னானே. மெர்டேக்கா முடிஞ்சதும் நான் போறேன். அங்கேயே தங்கி வேலை செஞ்சாத்தான் உண்டு" என்றார்.

அம்மா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

சீதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் அழவில்லை. ஒன்றைப் பிடித்தால் விடாத பெண் அவள். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் ஒரு தடவை தப்பு விட்டதற்காக, யாரும் சொல்லாமலே அதை ஐம்பது தடவை எழுதியவள்.

"சத்தம்தானே பிரச்சினை? அந்தச் சத்தத்தை நிறுத்திக் காட்டுறேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே அவள் பெரிய வாத்தியாரின் அறை வாசலில் நின்றாள்.

"சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. கட்டைச் செருப்பு சத்தம் போடாம நாங்க மேடை ஏறிக் காட்டுறோம்."

பெரிய வாத்தியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கட்டைன்னா கட்டைதான். பலகையில பட்டா சத்தம் வரத்தான் செய்யும்."

"வரலைன்னா சார்?"

"வரலைன்னா நான் ஏன் வேணாங்கப் போறேன்?"

"அப்போ சரி சார்."

பெரிய வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். "நில்லு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முப்பத்திரண்டு பேரும் ஏறணும். என் காதுல ஒரே ஒரு டக் கேட்டாலும், அப்புறம் சிலிப்பார்தான். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன் சார்."

வகுப்பில் சீதாவுக்குப் பக்கத்தில் உட்காருபவள் ஷரீஃபா. ஹாஜா கடை அவளுடைய அப்பாவின் கடைதான். அன்று காலையிலிருந்தே அவள் சீதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீதா, அந்த சிலிப்பாரை எங்க அத்தா முன்னாடியே வரவழைச்சிட்டாரு. உங்க அப்பாவைக் கெடுக்கணும்னு செய்யல" என்றாள் மெதுவாக.

"எனக்குத் தெரியும். அதை விடு. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. வேலை இருக்கு."

ஷரீஃபாவுக்கு மூச்சு வந்தது. "வரேன், வரேன்! அந்த சிலிப்பார் எனக்கும் வேணாம். அதுல பூவே இல்ல."

சாயங்காலம் ஷரீஃபாவும் பொன்னுதுரையும் சீதாவின் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா மரம் வாங்கப் போயிருந்தார். பட்டறையின் தரையும் பலகைதான் என்பதால் சோதனை செய்ய வசதி. அதைவிட வசதி, மூலையில் தூளியில் தூங்கிய ஆறு மாதத் தம்பிப் பாப்பா.

"பாப்பா முழிச்சா நாம தோத்தோம்" என்றாள் சீதா.

முதலில் சாக்குத் துணியை வெட்டிச் செருப்புக்கு அடியில் கட்டினார்கள். பொன்னுதுரை போட்டுக்கொண்டு நடந்தான். ஒரு சத்தம்கூட இல்லை. ஷரீஃபா கை தட்டப் போனாள். அதற்குள் பொன்னுதுரையின் கால் வழுக்கியது. தரையோடு சறுக்கிக்கொண்டு போனவன், அம்மாவின் மஞ்சள் சாய டப்பாவில் உட்கார்ந்துதான் நின்றான்.

டப்பா உருண்டது. பாப்பா வீறிட்டான். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"என்னடி நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல அத்தே" என்றான் பொன்னுதுரை, மஞ்சள் கால்சட்டையோடு.

புதன்கிழமை வேறு யோசனை. லாரி டியூபை வெட்டி அடியில் ஆணி அடித்தார்கள். இப்போது வழுக்கவில்லை. ஷரீஃபா கண்ணை மூடிக் கேட்டாள்.

"டக் போயிருச்சு. ஆனா தொப் வந்திருச்சு" என்றாள்.

தொப், தொப், தொப். டக்கைவிட அது மோசம். பாப்பா முழித்துக்கொண்டான்.

"பிள்ளைய ஒரு நாளாவது தூங்க விடுங்கடி!" என்று அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஷரீஃபாவும் பொன்னுதுரையும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. சீதா மூலையில் உட்கார்ந்து, கையில் செருப்பை வைத்துக்கொண்டு முறைத்தாள். செருப்பு என்ன செய்யும், பாவம். பாப்பா மறுபடியும் தூளியில் தூங்கிப் போனான்.

அப்போது அப்பா தோளில் மரக்கட்டையோடு உள்ளே வந்தார். காலில் அவர் எப்போதும் போடும் கட்டைச் செருப்பு. பட்டறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். கட்டையை இறக்கி வைத்தார். தூளிக்குப் பக்கமாகவே திரும்பி வந்தார்.

பாப்பா முழிக்கவில்லை.

சீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா! இன்னொரு தடவை நடங்க."

"ஏம்மா?"

"நடங்கப்பா!"

அப்பா நடந்தார். சீதா தரையோடு தரையாகப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். அப்பா காலைத் தூக்கும்போது செருப்பும் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. காலை வைக்கும்போது கூடவே இறங்கியது. பிறகு தன் செருப்பைப் போட்டுக் குனிந்தபடி நடந்து பார்த்தாள். அவள் கால் மேலே வந்தது. செருப்பின் பின்பக்கம் வரவில்லை. சோம்பேறி மாதிரி கொஞ்ச நேரம் கீழேயே கிடந்து, பிறகு எழுந்து, டக்கென்று விழுந்தது.

அவள் சுவருக்கு ஓடினாள். அங்கே ஆணியில் சிமெண்டுப் பைக் காகிதங்கள் கட்டாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் கால், பக்கத்தில் பெயர். காலைச் சுற்றி ஒரு கோடு. அதற்கு வெளியே இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு. பொன்னுதுரையின் காகிதத்தில் மூன்று விரல்.

"அப்பா, நீங்க எந்தக் கோட்டுல செருப்பு செய்றீங்க?"

"வெளிக்கோட்டுல. அதுதானே கேட்டாங்க?"

"வாரையும் வெளிக்கோட்டுக்கே அடிச்சிடுறீங்களா?"

"ஆமா. மறுபடி மறுபடி பிரிச்சு அடிக்கவா முடியும்?"

"அதான்ப்பா சத்தம்! வார் காலைப் பிடிக்கல. அதனாலதான் செருப்பு ஆடுது. உங்க செருப்பு உங்க காலுக்குச் சரியா இருக்கு. அதனாலதான் பாப்பா முழிக்கல!"

அப்பாவின் முகம் சிவந்தது. "என் செருப்புலயே குத்தம் கண்டுபிடிக்கிறியா?"

"உங்க செருப்புல இல்லப்பா. அந்த ரெண்டு விரல்ல."

அப்பா சீதாவின் செருப்பில் ஒன்றை எடுத்து, வாருக்குள் தன் விரல்களை விட்டு ஆட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான். இத்தனை வருஷமா எனக்கு இது தெரியாமலா இருந்துச்சு? கேட்டவங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா கண்ணு, பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. அளவா அடிச்சா ஆறு மாசத்துல பத்தாது. அவங்க கேட்கிறதும் நியாயந்தானே?"

அது நியாயம்தான். சீதா யோசித்தாள். யோசிக்கும்போது பாவாடை ஓரத்தைத் திருகுவது அவள் வழக்கம். திருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

பாவாடையின் கீழே அம்மா மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். போன வருஷம் நான்கு மடிப்பு இருந்தது. சீதா வளர்ந்ததும் ஒன்றைப் பிரித்துவிட்டாள்.

"அப்பா!" என்று சீதா கத்தினாள். பாப்பா முழித்தே விட்டான். "கட்டை பெரிசாவே இருக்கட்டும். வாரை மட்டும் இப்போ இருக்கிற காலுக்கு இழுத்து அடிங்க. மீதி வாரை வெட்டாதீங்க. பக்கத்துல மடிச்சு வச்சு ஆணி அடிங்க. பிள்ளை வளர்ந்தா வந்து மடிப்பைப் பிரிச்சுக்கட்டும்!"

அப்பா அவளையும் பாவாடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் குறடைத் தேடி எடுத்தார்.

"உக்காரு. உன் செருப்புல செஞ்சு பார்க்கலாம்."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சீதா எழுந்து நடந்தாள். ஓடினாள். திரும்பி வந்தாள். அம்மாவின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த பாப்பா, சத்தமே இல்லாமல் யார் போகிறார்கள் என்று தேடிப் பார்த்தான்.

"ருக்மணி, நாளைக்குச் சோறு நீ சீக்கிரமா ஆக்கிடு. வேலை இருக்கு" என்றார் அப்பா.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சீதாவும் ஷரீஃபாவும் வீடு வீடாகப் போனார்கள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் பிள்ளைங்க புதுச் செருப்பைப் போட்டுக்கட்டும். பெரிய வாத்தியார் வேணாம்னா நாங்களே திருப்பி எடுத்துக்கிறோம்" என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் சரி என்றார்கள். பொன்னுதுரையின் அம்மா சாரதாம்பாள்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தானே மூணு விரல் கூட வைக்கச் சொன்னேன்? அளவா அடிச்சா அடுத்த மழைக்கே பத்தாது. வேலையத்த வேலை! ஏற்கெனவே இவன் கால்சட்டையில மஞ்சள் போகல."

"அத்தே, கட்டை அதே மூணு விரல்தான். இங்க பாருங்க" என்று சீதா பாவாடை மடிப்பைக் காட்டினாள். "வார் இப்படி மடிச்சிருக்கும். பொன்னுதுரை வளர வளர எங்க அப்பா பிரிச்சு விடுவாரு."

சாரதாம்பாள் குனிந்து மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"மூணு மடிப்பு வச்சிருக்காளா உங்க அம்மா? நான் ரெண்டுதான் வைப்பேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "டேய் துரை! காலைக் கழுவிட்டு இவங்க கூடப் போ!" என்று கத்தினார்.

அன்று பட்டறையில் காலை வைக்க இடமில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஷரீஃபா குறடால் பழைய ஆணியைப் பிடுங்கினாள். சீதா வாரைக் காலோடு இழுத்துப் பிடித்தாள். அப்பா மடித்து ஆணி அடித்தார். மீதி எட்டு ஜோடிகளையும் அவர் காலையிலேயே செதுக்கி வைத்திருந்தார். அம்மா எட்டுக்கும் எட்டு விதமாகப் பூ வரைந்தாள். விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் எல்லாம் முடிந்தது. சீதாவின் விரல் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி.

பெரிய வாத்தியார் மேடையில் சுவரைப் பார்த்தபடி நின்று, கரும்பலகையில் பாட்டின் வரிகளை எழுதிக்கொண்டிருந்தார். காது மட்டும் பின்பக்கம்தான் இருந்தது. ஒரு டக் வந்தால் போதும், திரும்பிவிடுவார்.

சீதா வாசலில் நின்று எல்லாரையும் பார்த்தாள். அவளுடைய நெஞ்சு அடித்த அடி செருப்புச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. இதில் தோற்றால் அப்பா சிங்கப்பூருக்குப் போய்விடுவார். அங்கே நின்றவர்களில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"தரையைத் தேய்க்காதீங்க. எப்பவும் நடக்கிற மாதிரியே நடங்க" என்று கிசுகிசுத்தாள். "போலாம்."

முதல் ஆள் ஏறினான். இரண்டாவது ஆள். பத்தாவது ஆள். பலகை மெல்ல முனகியது, அவ்வளவுதான். பொன்னுதுரை கடைசி. அவன் இரண்டாவது படியில் நின்றுவிட்டான். தும்மல் வருகிற முகம். சீதா பாய்ந்து அவன் மூக்கைப் பிடித்தாள். இருவரும் அப்படியே மூக்கும் கையுமாக மேடை ஏறி, வரிசையில் போய் நின்றார்கள்.

பெரிய வாத்தியார் இன்னொரு வரி எழுதினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"பதினொண்ணே கால் ஆச்சு! இன்னும் வெளியிலயே என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க? முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டு ஏறி வாங்களேன்!" என்று கரும்பலகையைப் பார்த்துக் கத்தினார்.

"சார், நாங்க அப்பவே வந்துட்டோம்" என்றான் பொன்னுதுரை, மூக்கால்.

பெரிய வாத்தியார் திரும்பினார். மூன்று வரிசை. முப்பத்திரண்டு பிள்ளைகள். கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி கீழே விழுந்தது. அன்றைக்கு அந்த மேடைப் பலகையில் கேட்ட ஒரே டக் அதுதான்.

"செருப்பைக் கழட்டி வச்சிட்டீங்களா?"

முப்பத்திரண்டு பேரும் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினார்கள். சிவப்புச் சிவப்பாக, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மஞ்சள் பூ.

பெரிய வாத்தியார் குனிந்தார். சீதாவின் செருப்பைக் கையில் வாங்கி, வாரின் மடிப்பைப் பார்த்தார். மற்றவர்களின் செருப்பையும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் இளகியிருந்தது.

"இதை யாரு யோசிச்சது?"

"இவதான் சார்!" என்று முப்பத்தொரு குரல் வந்தது. இந்தத் தடவை சத்தத்துக்குக் குறைவே இல்லை. புறாக்கள் மறுபடியும் பறந்தன.

"உங்க அப்பாகிட்ட சொல்லு" என்றார் பெரிய வாத்தியார். "சேதுராமன் செருப்புதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு. மெர்டேக்காவுக்கும் சரி, அப்புறமும் சரி. நான் அவசரப்பட்டுட்டேன். அதையும் சொல்லு."

சீதா அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

மெர்டேக்கா அன்று பிள்ளைகள் சத்தமில்லாமல் மேடை ஏறி, சத்தமாகப் பாடினார்கள். வந்திருந்த பெரிய மனிதர்கள் பாட்டுக்குக் கை தட்டிவிட்டு, பிள்ளைகளின் காலை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் பெரிய வாத்தியாரிடம், "இந்தச் செருப்பை எந்த ஊர்லேருந்து வரவழைச்சீங்க?" என்று கேட்டார். பெரிய வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எந்த ஊர்லேருந்தா? இதோ, இந்தத் தெருக்கோடியிலேருந்து!" என்றார்.

அடுத்த வாரம் ஹாஜா மாமாவே பட்டறைக்கு வந்தார். தன் கடை வாசலில் கட்டைச் செருப்பும் தொங்க வேண்டும் என்றார். "உங்க சிலிப்பார் வியாபாரம் என்ன ஆகுறது பாய்?" என்று அப்பா கேட்டார். "அது பாட்டுக்கு அது. வீட்டுல என் மக என்னைச் சும்மா விட மாட்டேங்கிறா!" என்று சிரித்தார் ஹாஜா மாமா.

அன்று மாலை அப்பா மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதினார். சீதா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அன்புள்ள தம்பி நடராஜனுக்கு, இங்கு எல்லோரும் நலம். துறைமுக வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல். எனக்கு இங்கே கை ஓயாத வேலை. நீ பதில் போடும்போது உன் பிள்ளைகள் நான்கு பேரின் காலையும் காகிதத்தில் வரைந்து அனுப்பு. உள்ளது உள்ளபடி வரை. விரல் வைத்துப் பெரிதாக்காதே. வளர்வதை அண்ணன் பார்த்துக்கொள்கிறேன்."

சீதா அந்தக் கடிதத்தைத் தானே ஒட்டினாள். தானே எடுத்துக்கொண்டு ஓடித் தபால் பெட்டியில் போட்டாள். உள்ளே அது 'டப்' என்று விழும் வரை பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினாள்.